மடையானுக்கு அடங்கல் ஏது?



பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் பலரும் பார்வதி ஓவியத்தைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். இறங்கும்போது கண் ஏரியில் சிக்கிக்கொண்டது. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் நந்தன் கால்வாய் வந்து சேரும் ஏரி. கரையில் மாடு மேய்த்த பெரியவரிடம், இங்கே எவ்வளவு பறவை வரும் என்று கேட்டேன்.

"புயலுக்கு முன்னாடி நெறைய கெடக்கும் சார்."

"நெறையன்னா?"

சிரித்தார். அவரை என்ன சொல்ல? எனக்கும் தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. வயலுக்குச் சேதக் கணக்கு எடுக்க முடிந்தது. என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கல் பதிவேட்டில் முன்பே இருந்ததே. மடையானுக்கும் முக்குளிப்பானுக்கும் அடங்கல் ஏது?

புயலுக்குப் பிறகு போய் எண்ணினால் மட்டும் போதாது, ஏமாந்துபோவோம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கோடியக்கரைக் காட்டில் மான்கள் செத்தன, மரங்கள் முறிந்தன. இலை உதிர்ந்த காட்டில் மிஞ்சிய விலங்குகள் சுலபமாகக் கண்ணில் படும். குறைந்தது கூடியதுபோல் தோன்றும். ஏரி நிரம்பி வழிந்தாலோ நேர்மாறு: கொக்குகள் வயல்களுக்குச் சிதறிவிடும், செத்துப்போயின என்று நினைப்போம். அதனால்தான் அதே தடம், அதே மாதம், அதே நேரம் என்று ஆண்டுக்கணக்காக எண்ண வேண்டியிருக்கிறது.

அப்படிக் கவனித்ததன் பலனுக்கு ஓர் உதாரணம்: போர்ட்டோ ரீக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ தீவில் 1938-இல் கொண்டுவிட்ட குரங்குகளின் வழிவந்தவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனிக்கிறார்கள். 2017-இல் மரியா புயல் மரங்களைச் சாய்த்தது. நிழல் சுருங்கியதும் குரங்குகள் சண்டை கூடாமல், ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தன. பழைய ஏடு இருந்ததால் இந்த மாற்றம் தெரிந்தது. செஞ்சிக் கோட்டைக் குரங்குகளை யாரும் அப்படிக் கவனிப்பதாகத் தெரியவில்லை. அவைதான் நம் பைகளைக் கவனிக்கின்றன.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலே போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரியில் எண்ணிவிட்டு எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'பழுப்பு நிறம், நீள மூக்கு' என்று குறியுங்கள்.

நான் பனமலைக்குப் போகிறேன். பெரியவருக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்