தண்ணீர் வரும் நேரமும் வராத காரணமும்

சென்னை மாநகரில் ரேடியோ வளர்ந்த கதையைச் சர்க்காரின் கதையாகவே நினைத்திருப்போர் பலர். அகில இந்திய வானொலி தன் சென்னை நிலையத்தைத் திறந்தது 1938 ஜூன் 16-ஆம் தேதி. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பாகவே, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் வேறு சில ஆர்வலர்களும் கூடிச் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் என்னும் சங்கத்தை ஸ்தாபித்து, 40 வாட் சக்தியே உடைய ஒரு கருவியைக் கொண்டு, 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். பணமுடையால் 1927-இல் கிளப் ஓய்ந்தபோது கருவி நகரசபையின் கைக்கு வந்தது. குப்பை வாருவதும் தெருவிளக்கு ஏற்றுவதுமே தன் கடமை என்று இருந்துவிடாத அந்தச் சபை, 1930 ஏப்ரல் முதல் தேதி தொடங்கித் தானே நிலையம் நடத்தி, கடற்கரையிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் ஒலிபெருக்கி நாட்டி, ரேடியோப் பெட்டி வாங்க வகையற்ற பிரஜைகளும் மாலைக் காற்றோடு சங்கீதம் கேட்க வழி செய்ததுடன், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடங்களையும் கதைகளையும் ஒலிபரப்பியது. ஒரு நகரசபை இதைச் செய்தது என்றால் இன்று யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள்.

பின்னர் வந்த வானொலியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆடுதுறை 27 என்ற நெல்லைத் தஞ்சைக் குடியானவர்கள் 'ரேடியோ நெல்' என்றே வழங்கும்படி செய்த பெருமை அதற்கு உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் குரலுக்காகவே காலையில் பெட்டியைத் திருப்பிய வீடுகள் எத்தனையோ. ஆயினும் சென்னையிலிருந்து பேசுகிறவர், எவ்வளவு நல்லெண்ணம் உடையவரானாலும், நம் வேலூர் ஜில்லா ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போயிற்று என்பதையோ, உத்திரகாவேரியில் வெள்ளம் எந்த மட்டில் ஓடுகிறது என்பதையோ, பீஞ்சமந்தை மலைப்பாதையில் மண் சரிந்ததா என்பதையோ சொல்லப்போவதில்லை. விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களுக்குத் தேவையான சமாசாரம் இவைதாம்.

2024-இல் மத்திய மந்திரிசபை 234 ஊர்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட அனுமதி அளித்தது; அந்தப் பட்டியலில் நம் பக்கத்து வாணியம்பாடியும் இருக்கிறது. வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஏலத்தொகையைக் கொட்டிக் கொடுத்து அலைவரிசை வாங்குகிறவர் அதை விளம்பரத்தில் மீட்கத்தான் பார்ப்பார். மலைக்கிராமத்தின் பாதைக்காக நேரம் ஒதுக்க அவருக்கு நிர்ப்பந்தம் எதுவுமில்லை. நமக்கு வேண்டியது சமுதாய வானொலி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கி, 2006 முதல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட இந்த ஏற்பாட்டில், லாப நோக்கற்ற ஓர் அமைப்பு 100 வாட் சக்தியில், பாதி நிகழ்ச்சிகளையேனும் உள்ளூரில் தயாரித்து ஒலிபரப்பலாம். செட்டியார் தொடங்கியதைப்போல் இரண்டரை மடங்கு சக்தி!

உரிமம் கிடைத்தாலும் வாய்ப்பூட்டு கூடவே வருகிறது. செய்திகளைத் தாமே திரட்டி ஒலிபரப்பும் சுதந்திரம் சமுதாய வானொலிக்கும் இல்லை, தனியார் பண்பலைக்கும் இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்வதோடு திருப்தி அடையவேண்டும். வானிலை, மின்தடை, குடிநீர் பற்றிய அறிவிப்புகளைச் செய்தியல்ல என்று வகைப்படுத்திப் பண்பலைகளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆக, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லலாம். பத்து நாளாக ஏன் வரவில்லை என்று பேரூராட்சித் தலைவரைக் கேட்டுச் சொல்லக்கூடாது. தோல் பதனிடும் கழிவினால் பாலாறு கெட்ட விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாகியிருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் இயங்கும் ஒரு நிலையம் அதே ஆற்றின் இன்றைய நிலையைச் செய்தியாகச் சொல்ல இயலாது என்பது விசித்திரமான நியாயம்.

சிறு நிலையங்களிடம் செய்தியை ஒப்படைத்தால் வதந்தி பரவிக் கலகம் விளையும் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். கலகங்களைக் கண்ட ஜில்லா இது. அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், இன்று வதந்தி வாட்ஸப்பில் அல்லவா ஓடுகிறது? அதை அனுப்பியவன் யார், அவன் ஊர் எது என்பது தெரிவதற்குள் கடைகள் அடைபட்டுவிடுகின்றன. சமுதாய வானொலிக்கோ விலாசம் உண்டு, உரிமம் உண்டு. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பதிவாக வைத்திருக்கவேண்டிய கட்டாயமும் உண்டு. தப்பு செய்தால் பிடித்து நிறுத்தப் பொறுப்பான ஆள் இருக்கிறார். சொந்த அச்சகமும் வேண்டாமல் எவரும் பத்திரிகை நடத்தலாம் என்றிருக்கும் நாட்டில் ரேடியோவுக்கு மட்டும் இந்தத் தனிப்பட்ட சந்தேகம் ஏன்? அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி ஒலிபரப்பத் தனியார் பண்பலைகளை அனுமதிக்கலாம் என்று டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023-இல் பரிந்துரைத்தது.

அந்தப் பத்து நிமிஷத்தை முதலில் சமுதாய வானொலிகளுக்கு அளிக்கவேண்டும். ஆகாசவாணிக்குள்ள ஒழுங்கு விதிகளையே அவற்றுக்கும் விதிக்கட்டும், ஆட்சேபமில்லை. ஒடுகத்தூர் வட்டாரத்தில் தகுதியுள்ள கல்லூரியோ சங்கமோ உரிமத்துக்கு விண்ணப்பிக்க முன்வருமானால், ஓர் அறையும் மின்சாரமும் கொடுத்து உதவப் பேரூராட்சி இந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கிவைக்கவேண்டும்.