இல்லமும் உடல்நலமும்: காரணம் அறியுமுன் தீர்ப்பு எழுதலாமா?



வேறு எதற்காகவோ இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட குடும்பத் தலைவர் ஒருவர் முடிவுத் தாளுடன் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரு வரிகளின் எதிரே எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. உடம்பில் நோவு இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. எனினும் பொழுது சாயுமுன் உற்றார் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: "ஈரல் கெட்டுவிட்டது, நமக்குத் தெரியாமல் குடிக்கிறார் போலும்!" காரணம் அறியப்படவில்லை, தீர்ப்போ எழுதப்பட்டுவிட்டது. இம்மாதம் இதைப் பற்றியே சிந்திப்போம்.

நொதிகள் என்பவை உயிரணுக்களில் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள். உயிரணு ஊறுபட்டால் அவை இரத்தத்தில் கசிகின்றன. ஆகவே இவற்றின் அளவு கூடியிருப்பது, உடலில் எங்கோ ஊறு நேர்ந்திருக்கலாம் என்பதற்குச் சாட்சியாகும். ஆனால் எங்கே, எதனால் என்பதை அச்சாட்சி முழுமையாகச் சொல்வதில்லை. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலைச் சார்ந்தது. எஸ்.ஜி.ஓ.டி.யோ இதயத்திலும், தசைகளிலும், இரத்தச் சிவப்பணுக்களிலும் உண்டு. 1954-ஆம் ஆண்டில் லாடு, ருப்ளெவ்ஸ்கி, கார்மன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இந்நொதி இரத்தத்தில் உயர்வதை மாரடைப்பு நோயாளரிடம் கண்டு வெளியிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. எல்.டி.எச். என்னும் நொதி ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது; இரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தாலே அதன் அளவு கூடித் தோன்றும். அல்கலைன் பாஸ்படேஸ் என்பது வளரும் பிள்ளைகளிடமும் கருவுற்ற தாய்மாரிடமும் இயல்பாகவே உயர்ந்திருக்கும்.

மருத்துவ உலகம் இந்நிலையை எவ்வாறு பதிவு செய்கிறது? நோய் ஒவ்வொன்றுக்கும் எண்ணிடும் ஐ.சி.டி. என்னும் உலகப் பகுப்பு முறை உள்ளது. 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலார் ழாக் பெர்த்தியோன் அளித்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்த அது, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் இருந்துவருகிறது. அதன் பத்தாம் பதிப்பில் 18-ஆம் அதிகாரம் நோய்களுக்கு உரியதன்று. வேறிடத்தில் அடங்காத அறிகுறிகளுக்கும் பரிசோதனை முடிவுகளுக்கும் உரியது. அங்கேதான் 'ஆர் 74' என்னும் எண் இருக்கிறது. இரத்த நொதியின் அளவு இயல்புக்கு மாறாக உள்ளது என்பதே அதன் பொருள். அதில் நோயின் பெயர் இல்லை, பழியும் இல்லை.

அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளுக்கு எண்ணிடும் 'மெடிக்கல் கோடிங்' பணியில் சென்னை முதலிய நகரங்களில் நம் பிள்ளைகள் பலர் ஈடுபட்டுள்ளனர். அந்நாட்டு முறையில் 2020 அக்டோபர் 1 முதல் இவ்வெண் மேலும் பிரிக்கப்பட்டுள்ளது: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. உயர்வுக்கு ஆர் 74.01, எல்.டி.எச். உயர்வுக்கு ஆர் 74.02. அல்கலைன் பாஸ்படேஸ் போன்ற பிற நொதிகளுக்கு ஆர் 74.8 உண்டு.

அப்பணியில் போற்றத்தக்க நெறி ஒன்று உண்டு. புறநோயாளரின் ஏட்டில் மருத்துவர் "இருக்கலாம்", "ஐயப்படுகிறேன்" என்று எழுதியிருந்தால், அந்நோய் உறுதியானதுபோல எண்ணிடல் ஆகாது. அறிந்த அறிகுறியை மட்டுமே குறிக்கவேண்டும். எண்ணிடுபவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் தாமே நோயை ஊகித்தலும் கூடாது. கொழுப்பு ஈரல் என உறுதியானால் கே 76.0, மதுவால் நேர்ந்த ஈரல் நோய் என உறுதியானால் கே 70. அதுவரை ஆர் 74 இடம் காத்து நிற்கும்.

இந்நெறி வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. "குடிப்பழக்கம்" என்று தவறாகப் பதிந்துவிட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடாமற் போகலாம். உண்மைக் காரணம் காசநோய் மருந்தாகவோ, பி அல்லது சி வகை ஈரல் அழற்சியாகவோ இருந்தால், தேடாமல் விட்ட நாட்கள் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

ஆகவே நம் இல்லங்களில் செய்யத்தக்கவை சில. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள். அண்மையில் கடும் உடலுழைப்போ உடற்பயிற்சியோ செய்திருந்தால் சொல்லுங்கள். மது அருந்துவது உண்மையானால் மறைக்காதீர்கள்; வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி மறைப்பதும் மருத்துவத்துக்குத் தடையே. மறுபரிசோதனைக்குக் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், ஓயாத வாந்தி, மனத்தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாதது என்றே எழுதிவைப்பதற்கு மருத்துவ ஏட்டில் ஓர் இடம் இருக்கிறது. நம் இல்லத்துப் பேச்சிலும் அத்தகைய இடம் ஒன்று இருக்கட்டும். தாளுடன் வீடு திரும்புகிறவரிடம், "என்ன செய்தீர்கள்?" என்று கேட்குமுன், "அடுத்த முறை மருத்துவரிடம் நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.