போலியை உரசிப் பார்ப்போம்!

காஞ்சிபுரத்திற்குச் சேலை எடுக்க வரும் விவரமான வியாபாரி, பேச்சை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. சரிகையைச் சுரண்டுகிறார். உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா, அதன்மேல் சுற்றியிருப்பது வெள்ளியா, செம்பா என்று பார்க்கிறார். போலிச் சரிகைக்கு இத்தனை எச்சரிக்கை! போலி வாதத்திற்கு?

இதே காஞ்சியில்தான் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பித்ததாகச் சாத்தனாரின் காப்பியம் கூறுகிறது. பிழையான வாதத்திற்கு அந்நூல் தரும் பெயரே 'போலி'தான்! அதில் ஒரு வகை ஏதுப்போலி. காட்டும் காரணம் முடிவைத் தாங்காது. ஒலி அறியப்படுகிறது, ஆகவே அது அழியக்கூடியது என்கிறார் ஒருவர். அறியப்படுபவற்றில் அழியும் குடமும் உண்டு. அழியாததாகக் கருதப்பட்ட ஆகாயமும் உண்டு. இரண்டு பக்கமும் பொருந்தும் காரணம் எதையும் நிரூபிக்காது.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தவர்கள் குற்றவாளிகள்; அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அதன்பின் தாடியும் தொப்பியும் பெயருமே சந்தேகத்திற்குக் காரணமாயின. குற்றவாளிக்கும் தாடி உண்டு, குற்றமறியாத லட்சக்கணக்கானவர்களுக்கும் உண்டு. இது ஏதுப்போலி அல்லாமல் வேறென்ன?

சகோதரர்களே! நாம் மட்டும் சுத்தமா? "அவர் வேறு இயக்கத்துக்காரர், அவர் சொல்வது பொய்" என்கிறோம். சொன்னவரைப் பார்த்தோம், சொன்னதைப் பார்த்தோமா? ஒரு நெசவாளி முன்பணம் வாங்கிக்கொண்டு சேலை தரவில்லை. உடனே, "அந்தச் சாதியே அப்படித்தான்" என்கிறோம். நம்மீது வீசப்பட்ட அதே கல், இப்போது நம் கையில்!

நம் மதரசாக்களில் தர்க்கம் 'மன்திக்' என்ற பெயரில் ஓதப்பட்டு வந்த பாடம்தான். 13ஆம் நூற்றாண்டில் அப்ஹரீ எழுதிய 'ஈஸாகோஜி' அதன் பால பாடம். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது தர்க்க நூல் ஒன்றுக்கு இட்ட பெயர் 'மிஹக்குன் நழர்'; சிந்தனையின் உரைகல் என்று பொருள்!

இளைஞர்களே! மேடைப் பேச்சுக்குத் தக்பீர் முழங்கும் முன், செல்பேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், மூன்று கேள்விகள் கேளுங்கள். சொல்வது என்ன? அதற்குக் காரணம் என்ன? அதே காரணம் எதிர்ப்பக்கத்திற்கும் பொருந்துமா?

நமக்கு நீதி கேட்கும் நாம், பிறரையும் அதே உரைகல்லில் உரசுவதுதானே நேர்மை? இன்ஷா அல்லாஹ், இன்றே தொடங்குவோம்!