சி.பி.ஐ. ஒப்புதல்: கெடுவும் காரணமும் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், மாவட்ட வழக்கறிஞர்கள் சங்கம்.

பெறுநர்: உயர்திரு தலைமைச் செயலாளர் மற்றும் உள்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: செயலாளர், மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை, புது டெல்லி.

பொருள்: சி.பி.ஐ. விசாரணைக்கு ஒப்புதல் அளிப்பது, மறுப்பது குறித்து நடைமுறை விதிகள் வகுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சில வகை வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க 1989-லும் 1992-லும் அளித்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு அரசு 2023 ஜூன் 14 அன்று திரும்பப் பெற்றது. அந்த அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லியும் நாங்கள் வரவில்லை. ஆனால் பொது ஒப்புதல் போன பிறகு ஒவ்வொரு வழக்குக்கும் தனியே கடிதம் எழுதிக் கேட்டாக வேண்டும். அந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா என்பது பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியை விதிகளால் அடைக்கக் கோரியே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

காவல் என்பது அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 2-வது இனம். ஓரிடத்துக் காவல் படையின் அதிகாரத்தை வேறொரு மாநிலத்துக்கு நீட்டிப்பது மத்தியப் பட்டியலின் 80-வது இனம். அதிலும் அந்த மாநிலத்தின் ஒப்புதல் கட்டாயம். சி.பி.ஐ. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகத்தின் தீர்மானம் ஒன்றால் உருவானது. அதன் பெயரில் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. 1946-ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தை வைத்தே அது இயங்குகிறது. அச்சட்டத்தின் 6-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மாநில அரசின் ஒப்புதலின்றி இந்த அமைப்பினர் அங்கே அதிகாரம் செலுத்த முடியாது என்பதே அதன் சாரம். இவ்வளவு பெரிய அதிகாரம் இந்த ஒற்றை வாக்கியத்தில் தொங்குகிறது.

அது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பாருங்கள். ஆந்திரப் பிரதேசம் 2018 நவம்பரில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறியதும் 2019-ல் மீண்டும் வழங்கியது. மகாராஷ்டிரம் 2020 அக்டோபரில் திரும்பப் பெற்று, ஆட்சி மாறிய பின் 2022 அக்டோபரில் மீண்டும் வழங்கியது. இடையில் சட்டம் மாறவில்லை, ஊழலின் தன்மையும் மாறவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள்தான் மாறினார்கள். மக்கள் சார்பில் அரசு வைத்திருக்கும் ஓர் அதிகாரம் கட்சிகளின் கணக்குப்படி ஏறி இறங்குவது எங்களை வருத்துகிறது. மத்திய அரசின் பக்கமும் குற்றமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. மாநிலங்களின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

இரு தரப்புக்கும் நடுவே ஒழுங்கான வழி இல்லாவிட்டால் விவகாரம் தெருவுக்கு வரும். 2019 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை மாலை, சாரதா நிதி நிறுவன மோசடி வழக்கில் கொல்கத்தா காவல் ஆணையரை விசாரிக்க அவர் வீட்டுக்குப் போன சி.பி.ஐ. அதிகாரிகளை மாநிலக் காவலர்கள் வாசலிலேயே மறித்தார்கள். வண்டியில் ஏற்றி ஷேக்ஸ்பியர் சரணி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவே மேற்கு வங்க முதலமைச்சர் தர்ணாவில் அமர்ந்தார். ஆணையர் ஷில்லாங்கில் ஆஜராக வேண்டும், அவரைக் கைது செய்யக் கூடாது என்று இரண்டு நாளில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அது 2014-ல் உச்ச நீதிமன்றமே சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த வழக்கு. ஒப்புதல் பிரச்சினையே அதில் இல்லை. 2013-ல் அந்த நிறுவனம் சரிந்தபோது சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் பறிகொடுத்த ஏழை எளியவர்களுக்கு அந்த இரவில் கிடைத்தது என்ன?

காலக்கெடு விதித்தால் மாநில உரிமை கரையும் என்பார்கள். ஆனால் மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமலே சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2010-லேயே அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. அப்படியொரு வழக்கு வரும்போது மாநிலத்தின் கையில் இருக்கக்கூடிய வலுவான ஆவணம், காரணங்களோடு எழுதிய மறுப்பாணைதான். பதிலே சொல்லாமல் கிடக்கும் கோப்பு மாநில உரிமைக்காக வாதாட உதவாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அமைச்சர் மீதோ உயர் அதிகாரி மீதோ புகார் என்றால், அவர்களுடைய அரசிடமே அனுமதி கேட்பது திருடனிடம் சாவி கேட்பதாகாதா, செய்தி கசியாதா என்பது அது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவே இத்தகைய கோரிக்கைகள் முத்திரையிட்ட உறையில் உங்கள் இருவரிடம் மட்டுமே வர வேண்டும். தமிழ்நாடு லோக் ஆயுக்தாவின் எழுத்துப்பூர்வக் கருத்தைப் பெற்ற பின்பே முடிவெடுக்க வேண்டும்.

எனவே, ஒப்புதல் கோரிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் முடிவெடுக்கவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவும், எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கவும் விதி செய்து அரசாணை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல்நிலை ஆதாரங்களை இணைக்காமல் ஒப்புதல் கேட்பதில்லை என்ற ஒழுங்கை சி.பி.ஐ.க்கு விதிக்கவும், மாநிலங்களைக் கலந்து அதற்குத் தனிச் சட்டம் கொண்டுவரவும் மத்திய அரசை வேண்டுகிறோம். விதிகளின் வரைவைத் தயாரித்து நேரில் அளிக்க ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கோருகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்