ஜாம்பிகள் போய் வந்த வழி

2020 ஜூனில் பள்ளிகள் திறக்காமலே பாடங்கள் தொடங்கின. கேரளத்தின் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குச் சொந்த உபயோகத்துக்கு என்று செல்போன் கிடைத்தது அப்போதுதான். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற சமவெளி ஊர்களில் சமாளித்துவிட முடிந்தது. இடுக்கியில் மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட லயங்களிலோ சிக்னலைத் தேடி மேடேற வேண்டியிருந்தது. ராஜமலைப் பிள்ளைகள் இரவிகுளம் தேசியப் பூங்கா பக்கம் போய்ப் பாடம் படித்தது செய்தியானது. வகுப்பு முடிந்ததும் அதே போனில் பப்ஜி தொடங்கியது செய்தியாகவில்லை.

மூன்றே மாதம். செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. பெற்றோர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அக்டோபர் கடைசியில் சர்வரும் நின்றது.

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது. செத்தும் சாகாமல் அலையும் ஜாம்பிப் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைக்கும் ஒரு விளையாட்டின் உபரியாகப் பிறந்தது அது. 'ஆர்மா 2' என்ற ராணுவ விளையாட்டை எடுத்து, அதில் ஜாம்பிகளை உலவவிட்டு, 2012இல் 'டே இசட்' என்று மாற்றியமைத்தவர் நியூசிலாந்துக்காரரான டீன் ஹால். பசி, தாகம், பிணங்கள் எல்லாவற்றையும் தாண்டி உயிரோடிருப்பதுதான் ஆட்டம். அதில் அலுப்புத் தட்டிய அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், மறு வருஷமே அதற்குள் இன்னொரு ஆட்டம் கட்டினார். எல்லோரும் ஓரிடத்தில் இறங்க வேண்டும். கடைசியில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும். மனிதனுக்கு மனிதனே போதும் என்று ஆனபிறகு பிணங்களுக்கு வேலை குறைந்துபோனது.

'எச்-1 இசட்-1' என்ற இன்னொரு ஜாம்பி விளையாட்டிலும் இதுதான் நடந்தது. கிரீனின் யோசனையில் அதில் சேர்க்கப்பட்ட கடைசி-ஆள் ஆட்டம் 2016இல் தனி விளையாட்டாகப் பிரிந்தது. மூல ஆட்டமான ஜாம்பிப் பிழைப்பு 2018இல் இழுத்து மூடப்பட்டது. 'ஃபோர்ட்நைட்' கதையும் வேறல்ல. 2017 ஜூலையில் பிணங்களைத் தடுக்கும் விளையாட்டாக வந்தது, செப்டம்பரில் பக்கத்தில் வைத்த இலவச ஆட்டத்தால்தான் உலகப் பெயர் பெற்றது. திண்ணையில் இடம் கேட்டு வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான்.

கிரீனின் சொந்த விளையாட்டான பப்ஜி 2017இல் வந்தது. மறு வருஷம் செல்போனுக்கு இறங்கி இந்தியாவைப் பிடித்தது. 2019 பிப்ரவரியில் வேடிக்கை: விரட்டப்பட்ட ஜாம்பிகள் பப்ஜி மொபைலுக்குள்ளேயே திரும்பி வந்தன, இந்த முறை உபரி ஆட்டமாக! 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டோடு கைகோத்து வந்த அதில், பொழுது விடியும்வரை பிணங்களிடமும் தப்ப வேண்டும், மற்ற ஆட்டக்காரர்களிடமும் தப்ப வேண்டும். அதே வருஷம் 'தொற்று' ஆட்டமும் வந்தது. ஒரு கட்சி ஜாம்பி, ஒரு கட்சி காவல். அடிபட்டுச் செத்த காவலாளி எழுந்து ஜாம்பி கட்சியில் சேர்ந்துவிடுவான். நேரம் முடியும்போது ஒரே ஒரு காவலாளி மிச்சமிருந்தாலும் காவல் கட்சிக்கு வெற்றி.

தெருவில் ஆடிய யாருக்கும் இது புதிதல்ல. பிடிபட்டவனும் பிடிப்பவனோடு கைகோத்து மற்றவர்களைத் துரத்தும் சங்கிலி விளையாட்டுதானே? ஆடு-புலி ஆட்டத்திலும் இரண்டு கட்சிக்கும் ஒரே பலம் இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது, வழியடைக்கத்தான் முடியும். நேபாளத்தில் போனால் அதுவே நான்கு புலி, இருபது ஆடு. கட்டமும் வேறு. யாரும் கம்பெனியிடம் அனுமதி கேட்கவில்லை.

தொற்று ஆட்டமும் கம்பெனி மூளையில் உதித்தது அல்ல. 2004இல் வந்த 'ஹேலோ 2' விளையாட்டில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஆடியது அது. செத்தவனைக் கட்சி மாற்ற அந்த விளையாட்டில் வசதியில்லை. செத்தவனே நாணயமாகப் பொத்தானை அழுத்திக் கட்சி மாற வேண்டும். மாறாமல் ஏமாற்றினால் ஆட்டம் கலைந்தது. 2007இல் 'ஹேலோ 3' வந்தபோதுதான் கம்பெனி அதை முறையான ஆட்டமாகச் சேர்த்துக்கொண்டது.

பேசிவைத்து ஆடியதற்கும் கம்பெனி கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், கொடுத்தது பறிபோகும்போதுதான் உறைக்கிறது. பப்ஜியின் ஜாம்பி ஆட்டங்கள் சில மாதங்களில் எடுக்கப்பட்டன, பிறகு அவ்வப்போது வந்து போயின. எடுப்பது, சேர்ப்பது எல்லாம் கம்பெனியின் இஷ்டம். மொத்த ஆட்டத்தையும் எடுக்க டெல்லியில் ஓர் உத்தரவு போதும். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாறி, ரத்தம் பச்சையாகி ஆட்டம் திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி மறைந்தது. 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாட்டோடு வந்தது: பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு. (ஆறு மணி நேரம் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடில்லாதபோது எவ்வளவு என்பதைப் பெற்றோர்கள் யூகித்துக்கொள்ளலாம்.)

கெட்டுப்போகிறார்கள் என்ற புகார் பழையது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் விதியைத் தானே மாற்றிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளை விட்டுப் போய்விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. போகவில்லை. ரூம் கார்டு ஒன்று கிடைத்தால் தனி அறை போட்டுக்கொள்ளலாம். உள்ளே போனதும் பேச்சிலேயே சட்டம் போடுகிறார்கள்: துப்பாக்கி கூடாது, வாணலி மட்டும். நூறுவகை ஆயுதம் தரையில் கிடந்தாலும் தொடக் கூடாது. தொட்டவனைத் தண்டிக்க விளையாட்டில் எந்த ஏற்பாடும் இல்லை. அடுத்த அறைக்கு அவனைக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.