படத்திற் காணாத நோவு

பின்வரும் மோட்டார் வண்டி மோதுங்கால், ஆசனம் உடலை முன்தள்ளத் தலை ஒரு கணம் பிந்துகின்றது. கழுத்தின் தசையும் தசைநாரும் சவுக்கெனச் சுண்டப்பட்டு நைகின்றன. நோவு மறுநாளே தலைகாட்டுவதுமுண்டு. எக்ஸ் கதிர்ப் படத்திற் குறையொன்றுங் காணாமையால், இது பாசாங்கென இகழ்வாருளர். இதனை நாம் ஒப்போம். அப்படம் காட்டுவது என்பையன்றி நைந்த தசையையன்று.

கழுத்துப் பட்டியணிந்து வாரக்கணக்கிற் கிடத்தலே மருந்தென்பதையும் நாம் ஏற்கோம். முறிவில்லையென வைத்தியர் துணிந்தபின், கழுத்தை மெல்ல அசைத்து அன்றாடக் கருமங்களுக்கு விரைந்து மீள்வதே நன்றெனக் கனடாவின் கியூபெக் ஆய்வுக்குழு 1995ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ நலமெய்துவர். சிலர்க்கு நோவு நீடிக்கும். கை விறைப்பின் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

வண்டி செலுத்தும் பழைய மாணவர்காள், ஆசனத்தின் தலைதாங்கியை உச்சந்தலையளவுக்கு உயர்த்துமின்; நொந்தவர் சொல்லை நம்புமின்.