காவலாளிகள் ஏன் நிலைப்பதில்லை? சீருடைக்குள்ளும் தொடரும் சாதி

ஆமத்தூர் முதல் சிவகாசி வரையிலான பட்டாசு ஆலைகளானாலும், பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளானாலும், காவல் பணிக்கு ஆள் நிலைப்பதில்லை என்பதே நிறுவனங்களின் புலம்பல். இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை என்று அவை காரணம் கற்பிக்கின்றன. உண்மைக் காரணத்தை, தள மேற்பார்வையாளரிடம் குவிந்துள்ள கேட்பாரற்ற அதிகாரத்தில்தான் நாம் தேட வேண்டும்.

யாருக்கு இரவுப் பணி, யாருக்கு விடுப்பு, மாற்று ஆள் வராதபோது யார் 'டபுள் டியூட்டி' பார்ப்பது என்பவற்றை முடிவு செய்பவர் அவரே. 'நாளை முதல் வர வேண்டாம்' என்ற அவரது ஒற்றைச் சொல் ஒருவரின் பிழைப்பைப் பறித்துவிடும். அவரும் குறைந்த ஊதியக்காரர்தான். ஓர் இடம் காலியானால் ஒப்பந்த நிறுவனத்துக்கு வரும் தொகை குறையும். அந்த நெருக்கடியை அவர் தமக்குக் கீழுள்ளவர்மீது இறக்கிவைக்கிறார். அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் நிற்கும் காவலாளிக்கு அந்த உரிமை இன்னும் எட்டாக்கனியே.

இந்த அதிகாரம் சாதியோடு கலக்கும்போது நஞ்சாகிறது. 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்ற விசாரிப்பின் பொருளை நாம் அறிவோம். அதன்பின் கழிவறை கழுவுவதும் குப்பை அள்ளுவதும் யார் தலையில் விழும் என்பதையும் அறிவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பொதுப் பார்வையில் நிகழ்ந்திருந்தால்தான் குற்றமாகும். நள்ளிரவில் காவலறைக்குள் நடப்பதற்குச் சாட்சி ஏது? புகார் அளிக்க வழியற்றவர் சொல்லாமல் விலகுகிறார். அதையே நிறுவனங்கள் சோம்பல் என்கின்றன.

பட்டாசுப் பகுதியில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். இத்தகைய இடங்களில் வாயிற்காவலர் 'கூடாது' என்று சொல்லத் துணிய வேண்டும். நாளைய வேலையே உறுதியில்லாதவர், மேலாளர் விதிமீறி அனுப்பும் ஆளையோ சரக்கையோ எப்படித் தடுப்பார்?

சட்டம் இல்லாமலில்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005, காவலாளிகளின் பெயர், ஊதிய விவரங்கள் அடங்கிய பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது. குறைந்தபட்ச ஊதியம் உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்களை மீறும் முகமையின் உரிமத்தை ரத்து செய்யவும் அது இடமளிக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கு காவலாளிகள் வாரியத்தில் பதிவு செய்யப்படுகிறார்கள். பணியமர்த்துவோர் ஊதியத்தை வாரியத்திடம் செலுத்த, வாரியம் காவலாளிக்கு வழங்குகிறது. பிழைப்பு ஒரு தனிமனிதரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்திராமல் இருக்க இது வழிசெய்கிறது.

மேலாளர்களுக்கு 'நன்னடத்தைப் பயிற்சி' அளித்தால் போதும் என்பது நிறுவனங்களின் தீர்வு. நல்ல மனிதர் வாய்த்தால் மரியாதை, வாய்க்காவிட்டால் அவமானம் என்ற நிலையை அது மாற்றாது. எழுத்து மூலமான பணிப்பட்டியல், கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம், காரணம் கூறாமல் நீக்கத் தடை, முகமைக்கு வெளியே புகார் ஏற்கும் அமைப்பு ஆகியவற்றோடு, மகாராஷ்டிரத்தைப் போன்ற ஒரு வாரியத்தையும் தமிழ்நாடு அரசிடம் நாம் கோர வேண்டும். தத்தம் கல்லூரி வாயிலில் நிற்கும் காவலாளிக்கு இவற்றில் எவை கிடைக்கின்றன என்று கேட்டறிவதிலிருந்து மாணவர்கள் இப்பணியைத் தொடங்கலாம்.